பிரிந்ததை எழுதினீர்கள், சேர்த்தவரை விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கட்டற்ற மென்பொருள் உலகத்துச் சண்டைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழில் இதற்கெல்லாம் அரைப்பக்கம் ஒதுக்குவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒரு வரி தலைகீழாக அச்சாகிவிட்டது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருள் கைவிடப்பட்டு, அதன் இடத்தை லிப்ஏவி பிடித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்தது நேர்மாறு. லிப்ஏவியின் கடைசி வெளியீடு 2018இல் வந்தது, அதோடு சரி. எஃப்எஃப்எம்பெக் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. விஎல்சியில் படம் பார்த்தாலும், குரோம் பிரவுசரில் வீடியோ ஓடினாலும் உள்ளே அதன் வேலையும் கலந்துதான் இருக்கிறது.

இந்தத் தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதைச் சொன்னால், கட்டுரை விட்டுவிட்ட பாதிக் கதையும் சேர்ந்து வந்துவிடும். கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லையென்றால் வெட்டிப் போடுங்கள், வருத்தமில்லை. அந்த வரிக்கு மட்டும் ஒரு திருத்தம் வெளியிட்டுவிடுங்கள்.

நான் கும்பகோணத்தில் வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவன். முகூர்த்த நாட்களில் கல்யாண வேலை. மற்ற நாட்களில் பழைய விஎச்எஸ் கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றி எம்பி4 ஆக்கிக் கொடுப்பது. அப்பா அம்மா கல்யாணக் கேசட் பீரோவில் இருக்கும், போட்டுப் பார்க்க வீட்டில் விசிஆர் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் எங்கள் பக்கம் நிறைய. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் லீவுக்கு வருகிறவர்கள் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார்கள். பூஞ்சை பிடித்த டேப்பைத் துடைத்து, விசிஆரின் ஹெட்டைச் சுத்தம் செய்து ஓட்டினால் எப்படியோ படம் வந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

நம் நாட்டு முறைப்படி விஎச்எஸ்ஸில் நொடிக்கு 25 படங்கள். ஆனால் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் பதிவானது கிடையாது. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளி இன்னொரு தடவை. பழைய டிவிப் பெட்டியில் இது கண்ணுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் திரையில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால், மாப்பிள்ளை மாலையைத் தூக்கிப் போடும் அந்த நொடியில் மாலை முழுக்கக் கோடு கோடாகக் கிழிந்து தெரியும். பட்டுப்புடவை ஜரிகை என்றால் கேட்கவே வேண்டாம். இதைச் சரிசெய்ய எஃப்எஃப்எம்பெக்கில் யாடிஃப் என்றொரு ஃபில்டர் இருக்கிறது. முன்படத்தையும் பின்படத்தையும் பார்த்து, விடுபட்ட வரியில் என்ன இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு நிரப்பும். காசு கொடுத்து வாங்கிய எடிட்டிங் மென்பொருளில் இதே வேலைக்கு இருக்கும் பொத்தானைவிட, என் கண்ணுக்கு இது நன்றாகவே இருக்கிறது. அதை 2006இல் எம்பிளேயர் என்ற மென்பொருளுக்காக எழுதியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த மைக்கேல் நீடர்மேயர். உங்கள் கட்டுரையில் பெயர்கூடச் சொல்லாமல் ‘பிடிவாதக்காரத் தலைவர்’ என்று தள்ளிவிட்டுப் போன ஆள் அவர்தான்.

எஃப்எஃப்எம்பெக்கை 2000இல் தொடங்கியவர் பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார்ட். (கியூஎமு என்ற, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளையும் தொடங்கியவர் இவரே. ஒரு மனிதருக்கு நாளில் எத்தனை மணி நேரமோ!) சில வருடங்களில் அவர் ஒதுங்கிக்கொள்ள, பொறுப்பு மைக்கேலிடம் வந்தது. 2011 ஜனவரியில் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒரு குழு, இனி நிர்வாகம் எங்களுடையது என்று அறிவித்தது. எந்தத் திருத்தமாக இருந்தாலும் சேர்ப்பதற்கு முன் இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும், தலைவருக்கும் அதிலிருந்து விலக்கு இல்லை என்பது அவர்கள் கட்சி. அப்படிக் காத்திருந்தால் நல்ல திருத்தங்கள் கிடப்பிலேயே செத்துப்போகும், வேலை வேகமாக நடக்கட்டும், பிழை இருந்தால் அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்பது மைக்கேல் பக்கத்து நடைமுறை. இவரோடு வேலை செய்வதே கஷ்டம் என்ற மனக்கசப்பும் அதில் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. பெயருக்கான வணிக முத்திரை பெல்லார்டுடையது. கடைசியில் பெயர் மைக்கேல் பக்கமே நின்றது. மார்ச் 13 அன்று மற்றவர்கள் லிப்ஏவி என்று தனிப் பெயர் வைத்துக்கொண்டு போனார்கள்.

இதுவரை நடந்தது ஃபோர்க். இதில் நான் யாரையும் குறைசொல்ல மாட்டேன். உரிமத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கும் உரிமை அது. பிடிக்கவில்லையென்றால் மொத்த நிரலையும் எடுத்துக்கொண்டு போய் உன் இஷ்டப்படி நடத்து, யாரும் தடுக்க மாட்டார்கள்.

உங்கள் கட்டுரை இதைப் பாகப்பிரிவினை என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. பாகப்பிரிவினையில் பத்து மா நிலம் ஐந்து ஐந்தாகும், நடுவில் வரப்பு விழும், கிணறு யாருக்கு என்று கோர்ட்டுக்குப் போவார்கள். இங்கே முழு நிலமும் இரண்டு பேர் கையிலும் இருக்கிறது, கிணறு உட்பட. பாகம் பிரிக்க முடியாமல் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்: பெயர். பெயரோடு சேர்ந்து, பயனர்களிடம் போய்ச் சேரும் வழியும். சண்டையின் வலியெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எப்படி என்று சொல்கிறேன். என்னைப் போன்றவர்கள் எஃப்எஃப்எம்பெக்கை அதன் தளத்துக்குப் போய் எடுப்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் போட்டிருந்தால், ஒரு கட்டளை கொடுத்தால் உபுண்டுவின் கிடங்கிலிருந்து வந்து இறங்கும். உபுண்டுவுக்கு அது, அதன் மூலமான டெபியன் என்ற இன்னொரு லினக்ஸிலிருந்து வருகிறது. டெபியனில் அந்தப் பொட்டலத்தைக் கவனித்துக்கொண்டவர்கள் லிப்ஏவி பக்கம் சாய்ந்தார்கள். ஆகவே 2011க்குப் பிறகு எஃப்எஃப்எம்பெக் என்று கேட்டாலும் கைக்கு வந்தது லிப்ஏவிதான். உபுண்டு 12.04இல் அந்தக் கட்டளையைத் தட்டினால் திரையில் முதலில் என்ன வந்தது தெரியுமா? இந்த நிரல் கைவிடப்பட்டது, பழையவற்றோடு ஒத்துப்போவதற்காக மட்டுமே தரப்படுகிறது, வரும் வெளியீட்டில் நீக்கப்படும், இனி ஏவிகான்வ் (லிப்ஏவியின் புதிய நிரல்) என்பதைப் பயன்படுத்துங்கள் என்று. கொட்டை எழுத்தில், இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டு.

எழுத்துக்கு எழுத்து பார்த்தால் இதில் பொய் இல்லை. லிப்ஏவிக்காரர்கள் தங்கள் பொட்டலத்துக்குள் அந்தப் பழைய பெயரில் வைத்திருந்த நிரலை நிறுத்தப்போகிறார்கள், அதைத்தான் சொன்னார்கள். ஆனால் படிக்கிறவனுக்கு என்ன புரியும்? எஃப்எஃப்எம்பெக் என்ற திட்டமே மூடப்பட்டுவிட்டது என்றுதான். என் தொழிலில் இருந்த நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அந்த நேரத்தில் உண்மையான எஃப்எஃப்எம்பெக் பழையபடி வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது, உபுண்டுக் கிடங்கில் இல்லை என்பதைத் தவிர. உங்கள் கட்டுரையாளருக்கும் அந்த வரியின் ஏதோ ஒரு நகல்தான் கிடைத்திருக்க வேண்டும். பல வருடம் கழித்தும் ஒரு செய்தித்தாளில் வந்து உட்காரும் அளவுக்கு அதற்கு ஆயுள் இருந்திருக்கிறது பாருங்கள்.

இன்னொரு தலைவலியும் இருந்தது. நிரலுக்குப் பெயர் மாற்றியவர்கள் உள்ளே இருக்கும் லைப்ரரிகளின் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளின்) பெயரை மாற்றவில்லை. லிப்ஏவிகோடெக் என்ற பெயரில் அங்கும் ஒன்று, இங்கும் ஒன்று, உள்ளே கொஞ்சம் கொஞ்சம் வேறு. ஒலியின் மாதிரி வேகத்தை மாற்றும் வேலைக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக லைப்ரரி எழுதிக்கொண்டார்கள். இவற்றை நம்பி வீடியோ பிளேயர்களும் எடிட்டிங் மென்பொருள்களும் எழுதியவர்கள் எல்லாம் எந்தப் பக்கத்துக்கு ஏற்ப எழுதுவது என்று தவித்தார்கள். சிலர் இரண்டுக்கும் சேர்த்து எழுதினார்கள். உழைப்பு வீண் என்று உங்கள் கட்டுரை சொல்வது இந்த இடத்தில் சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இனி கட்டுரையில் இல்லாத பாதி.

லிப்ஏவி தனியாகப் போன பிறகு மைக்கேல் ஒரு காரியம் செய்தார். அங்கே சேர்க்கப்படும் திருத்தங்களை ஒன்று விடாமல் எடுத்து, ஏறக்குறைய அன்றாடம், எஃப்எஃப்எம்பெக்கில் மெர்ஜ் செய்துகொண்டே, அதாவது இணைத்துக்கொண்டே வந்தார். தன்னைத் தலைமையிலிருந்து இறக்க நினைத்தவர்கள் எழுதிய நிரலை, அவர்கள் பெயரோடு, அவர்கள் எழுதிய விளக்கத்தோடு. இரண்டு பக்கமும் கிட் என்ற பதிவேட்டைப் பயன்படுத்தியதால் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்பது அப்படியே வந்துவிடும். இன்றைக்கும் அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மெர்ஜ் என்று தலைப்பு, அதன் கீழே முட்டிக்கொண்ட கோப்புகளின் பட்டியல், கடைசியில் ‘சேர்த்தவர்: மைக்கேல் நீடர்மேயர்’ என்று ஒரு வரி. உருட்டிக்கொண்டே போனால் பக்கம் பக்கமாக இதேதான்.

அந்த முட்டிக்கொண்ட கோப்புகளின் பட்டியலைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். ஒரே இடத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் இயந்திரத்தால் சேர்க்க முடியாது. ஆள் உட்கார்ந்து இரண்டையும் படித்து முடிவெடுக்க வேண்டும். நாம் போன மாதமே வேறு விதமாகச் சரிசெய்துவிட்ட பிழையை அவர்கள் இந்த மாதம் சரிசெய்திருப்பார்கள். எதை வைத்துக்கொள்வது? அவர்கள் ஒரு பங்ஷனின் (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் துண்டின்) பெயரை மாற்றியிருப்பார்கள், நம்மிடம் அதை நம்பி எழுதிய இன்னும் நாலு கோப்புகள் இருக்கும். நாலையும் மாற்ற வேண்டும். மாற்றிவிட்டுச் சோதனைகளை ஓட்ட வேண்டும். ஒன்றில் பிசகினால் எங்கோ ஒரு ஸ்டுடியோவில் ஒரு கேசட்டின் சத்தம் படத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். கைதட்டல் கிடைக்காத வேலை. புதிதாக எதுவும் செய்ததாகவும் கணக்கில் வராது. ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் இரட்டிப்பாகக் குவியும்.

இதனால் விளைந்தது என்னவென்றால், லிப்ஏவியில் இருப்பதெல்லாம் எஃப்எஃப்எம்பெக்கிலும் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. எதிர்ப்பக்கம் அப்படி வாங்கிக்கொள்ளவில்லை. படித்துப் பார்க்காமல் எதையும் சேர்ப்பதில்லை என்பது அவர்களுடைய கொள்கையாயிற்றே, மைக்கேல் பக்கத்துத் திருத்தங்களை மொத்தமாக அள்ளிக்கொள்ள அவர்களால் எப்படி முடியும்? அவர்கள் நிலையில் அது நேர்மையானதுதான். நிரலைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனாலும் என்னைப் போன்றவனுக்கு வேண்டியது, கொண்டுவந்து கொடுக்கும் எந்தக் கோப்பையும் திறக்கிற நிரல்.

2014 ஜனவரியில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கோணல்மாணலான வீடியோ கோப்புகளை லட்சக்கணக்கில் உருவாக்கி, உள்ளே செலுத்தி, எங்கே இடறி விழுகிறது என்று பார்க்கும் சோதனை. அதில் வெளிப்பட்டவற்றுக்காக எஃப்எஃப்எம்பெக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திருத்தங்கள் வந்திருந்தன. லிப்ஏவியில் அதுவரை அதில் பாதிகூட வரவில்லை. டெபியனின் பாதுகாப்புக் குழு கவனிக்க வேண்டிய விஷயம் இது. இரண்டையும் கிடங்கில் வைத்துக்கொண்டு ஒரே பிழைக்கு இரண்டு தடவை மருந்து போட அவர்களுக்கு ஆள் கிடையாது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2015 ஜூலையில் எஃப்எஃப்எம்பெக்குக்கே திரும்புவது என்று முடிவானது. உபுண்டு 15.04இலேயே அது திரும்பி வந்திருந்தது. டெபியனில் 2017 ஜூனில் வந்த 9ஆம் பதிப்பில் வந்தது.

அந்த 2015 ஜூலை மாதக் கடைசி நாளில், அதாவது ஜெயித்த கையோடு, மைக்கேல் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். தான் விலகுவதால் இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றுசேர்வது எளிதாகலாம் என்ற நம்பிக்கையை அந்தக் கடிதத்திலேயே சொன்னார். விலகியவர் வீட்டுக்குப் போய்விடவில்லை, நிரல் எழுதுவதைத் தொடர்ந்தார். மெர்ஜ் வேலையை வேறு சிலர் எடுத்துக்கொண்டார்கள். நம்மூரில் சங்கத் தேர்தலில் தோற்றவர்கூடப் பதவியை விடாமல் வழக்குப் போடுவார். இவரை ‘பிடிவாதக்காரர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பது சரியா என்று ஆசிரியர் குழு ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பிரிந்து போனவர்களையும் தோற்றவர்கள் என்று முடித்துவிட முடியாது. வீடியோவின் ஒவ்வொரு படத்தையும் நினைவகத்தில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைத்து, தேவையில்லாமல் நகலெடுப்பதைத் தவிர்க்கும் முறையை லிப்ஏவியில்தான் முதலில் கொண்டுவந்தார்கள். மெர்ஜ் வழியாக அது எஃப்எஃப்எம்பெக்குக்குள் வந்து, இன்று அதன் முதுகெலும்பாகவே இருக்கிறது. லிப்ஏவியில் முன்னணியில் இருந்த சிலர் பின்னால் இங்கேயே திரும்பி வந்தார்கள். 2024 ஏப்ரலில் வந்த எஃப்எஃப்எம்பெக் 7.0இல் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. கோப்பைப் படிப்பது, விரிப்பது, ஃபில்டர் போடுவது, மறுபடி சுருக்குவது எல்லாம் இப்போது தனித்தனியாக ஒரே நேரத்தில் ஓடும். அந்த மாற்றத்தைச் செய்தவர் ஒரு காலத்தில் லிப்ஏவியின் தூணாக இருந்தவர். இன்று என் கடையில் கேசட் வேலைக்கு யாடிஃப் ஓடும்போது, எதிரெதிர் முகாமில் நின்ற இரண்டு பேரின் நிரலும் ஒரே கட்டளையில் ஓடுகிறது.

நல்லபடி முடிந்த கதை இது ஒன்றுதானா என்றால், இல்லை. எழுதிய நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரிலிருந்து 1997இல் இஜிசிஎஸ் என்று ஒரு குழு பிரிந்தது. தாய்த் திட்டம் மெதுவாக, கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிறது என்பது அவர்கள் குறை. இரண்டே வருடத்தில், 1999 ஏப்ரலில், பிரிந்து போனதையே அதிகாரபூர்வ ஜிசிசியாக ஏற்றுக்கொண்டார்கள். இணையதளங்களின் பின்னணி நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸிலிருந்து 2014 டிசம்பரில் ஐஓ ஜேஎஸ் பிரிந்தது, 2015 செப்டம்பரில் ஒன்றாகிவிட்டது. 0.12இல் இருந்த நோட் ஒரேயடியாக 4.0க்குத் தாவியதற்குக் காரணம், பிரிந்து போனது அதற்குள் 3ஐத் தொட்டுவிட்டதுதான். இவற்றில் ஒன்றுகூட உங்கள் கட்டுரையில் இல்லை. பிரிந்தால் செய்தி, சேர்ந்தால் செய்தி இல்லையா?

சேராமலே போன கதைகளும் உண்டு. அதில் நம் ஊர்க் கடைகளைத் தொடுவது, கடிதமும் அட்டவணையும் தயாரிக்கும் இலவச மென்பொருளான ஓப்பன் ஆபீஸின் கதை. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன் நிறுவனத்தை வாங்கியபோது ஓப்பன் ஆபீஸும் கூடவே போனது. அந்த வருடம் செப்டம்பர் 28 அன்று அதன் முக்கியமான ஆட்கள் பலர் விலகி ஆவண அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். நீங்களும் வாருங்கள், அந்தப் பெயரை எங்களுக்குக் கொடுங்கள் என்று ஆரக்கிளைக் கேட்டார்கள். பெயர் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டதுதான் லிப்ரே ஆபீஸ். ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. பழைய சமூகக் குழுவில் இருக்கும் உங்கள் ஆட்கள் விலகிக்கொள்ளட்டும் என்றது. 2011 ஜூனில் பெயரையும் நிரலையும், கட்டற்ற மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அமைப்பிடம் கொடுத்துவிட்டது. மென்பொருளுக்கு ஒரே முதலாளி இருந்தால் இந்தச் சண்டையெல்லாம் வராது என்று உங்கள் கட்டுரை முடிகிறதே, ஆரக்கிள் ஒரே முதலாளிதான்.

அப்பாச்சியின் உரிமம் ஒரு மாதிரி, லிப்ரே ஆபீஸின் உரிமம் வேறு மாதிரி. அங்கிருந்து இங்கே எடுத்துக்கொள்ளலாம், இங்கிருந்து அங்கே எடுக்க முடியாது. 2013இல் ஓப்பன் ஆபீஸ் 4.0இல் பக்கவாட்டுப் பட்டை வந்தது, அதே வருடம் லிப்ரே ஆபீஸ் 4.1இலும் சோதனைக்காகச் சேர்த்துவிட்டார்கள். எதிர்த்திசையில் அப்படி எதுவும் போக வழியில்லை. எஃப்எஃப்எம்பெக் கதையில் ஒருவருடைய அன்றாட உழைப்பால் நடந்தது, இங்கே உரிமத்தின் அமைப்பாலேயே நடந்தது. இரண்டிலும் எதிராளியிடம் வாங்கிக்கொள்ள முடிந்தவர்தான் நிலைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் பெயர்? அது இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. எனக்குப் பக்கத்துக் கடை ஒரு டிடிபி சென்டர். பத்திரிகை அடிப்பது, பயோடேட்டா, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம். கடைக்காரர் இலவச மென்பொருள் வேண்டுமென்று தேடும்போது பழகின பெயர் ஓப்பன் ஆபீஸ், அதைத்தான் இறக்கினார். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது டாக்எக்ஸ் கோப்பு. அது திறக்கும். திருத்திவிட்டு டாக்எக்ஸ் ஆகவே சேமிக்கப் போனால் ஓப்பன் ஆபீஸில் அந்த வசதியே கிடையாது. பழைய டாக் வடிவத்தில் சேமித்து அனுப்புவார், அந்தப் பக்கம் திறந்தால் அட்டவணை ஒரு மூலைக்கு ஓடியிருக்கும். அப்புறம் கடை வாசலில் ஒரு சத்தம். லிப்ரே ஆபீஸில் டாக்எக்ஸ் சேமிக்கலாம் என்பது அவர் காதுக்கே வரவில்லை. அவர் கண்ட ஓப்பன் ஆபீஸ் தளத்தில் அதை யாரும் சொல்லவுமில்லை. 2020 அக்டோபரில், ஓப்பன் ஆபீஸின் இருபதாவது ஆண்டு நிறைவின்போது, லிப்ரே ஆபீஸ் பக்கத்தார் இதையேதான் பகிரங்கக் கடிதமாக எழுதினார்கள்: வளர்ந்துகொண்டிருக்கும் வாரிசு ஒன்று இருக்கிறது என்று உங்கள் பயனர்களுக்காவது சொல்லுங்கள் என்று.

இது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2024 அக்டோபரில், இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸை நடத்துபவர்களுக்கும் வேறொரு நிறுவனத்துக்கும் சண்டை உச்சத்தில் இருந்தபோது, அந்த எதிர்த்தரப்பு நிறுவனத்தின் ஏசிஎஃப் என்ற பிளக்இன்னை (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரலை) வேர்ட்பிரஸ் தரப்பு ஃபோர்க் செய்தது. செய்யட்டும், உரிமை இருக்கிறது. ஆனால் வேர்ட்பிரஸ் தளத்தில் அந்தப் பழைய பிளக்இன் இருந்த அதே முகவரியில் புதியதை உட்கார வைத்துவிட்டார்கள். பழையதை நம்பிப் போட்டிருந்தவர்களுக்கு, வழக்கமான அப்டேட் என்ற பெயரில் வேறு ஆள் நடத்தும் பிளக்இன் போய் இறங்கியது. டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்ட பிறகுதான் பழைய நிலை திரும்பியது. உபுண்டு 12.04இல் வந்த அந்த நட்சத்திரக் குறி வரியும் இதே ஜாதிதான், அளவு வேண்டுமானால் சிறியது.

ஒரே முதலாளி விஷயத்துக்கு என் கடையிலிருந்தே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேசட்டிலிருந்து படம் இறக்க நான் வைத்திருப்பது பிடி878 சிப் போட்ட பழைய கேப்சர் கார்டு. அதோடு வந்த விண்டோஸ் மென்பொருளை அந்த நிறுவனம் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டது. பெயர் வேண்டாம். புதிய விண்டோஸில் கார்டு செத்த பொருள். கார்டில் ஒரு குறையும் இல்லை, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவர்தான் இல்லை. அதே கார்டு லினக்ஸில் ஒரு சிடியும் போடாமல் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த முதலாளி நிறுத்திய நாளில் அந்த டிரைவரை ஃபோர்க் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. சண்டையே இல்லாமல், ரொம்ப அமைதியாக முடிந்துவிட்டது.

டிடிபி கடை நண்பருக்குப் போன மாதம் லிப்ரே ஆபீஸ் போட்டுக் கொடுத்தேன். உங்கள் வாசகர்களில் அவரைப் போலப் பலர் இருப்பார்கள் என்பதால் அவர்களுக்கு இரண்டு வரி: ஓப்பன் ஆபீஸில் அதன் சொந்த வடிவத்தில் (.odt) சேமித்த கோப்புகள் லிப்ரே ஆபீஸில் அப்படியே திறக்கும், எதையும் மாற்ற வேண்டியதில்லை. பழையதை நீக்குவதற்கு முன் கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் போகிற கோப்பாக இருந்தால் பக்க எண்ணிக்கை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வீடியோ ஸ்டுடியோ நடத்தும் வாசகர்,
கும்பகோணம்.